அடிக்கிற கைதான் அணைக்குமா? இல்ல வன்முறைக் கோட்பாடுகள் பற்றி ஒரு கேள்வி

களப்பணி_மாலதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் இருபது நிமிடம் ‘இல்ல வன்முறையை விளக்கும் கோட்பாடுகள்’ பற்றிப் பேச வேண்டும். பாடநூலில் ஏழு கோட்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம், இரண்டு நிறை, இரண்டு குறை. மளிகைச் சீட்டை வாசிப்பதுபோல் இருக்கிறது.

மூன்று மாதமாக ஓர் ஆலோசனை மையத்தில் களப்பணி செய்கிறேன். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) ஒரு பெண்ணின் கணவர் அடித்த மறுநாள் மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கி வந்து காலில் விழுவாராம். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கரின் ‘வன்முறைச் சுழற்சி’யைப் படித்தபோது, இந்த வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றியது. முதலில் புகைச்சல், பிறகு அடி, பிறகு தேனிலவு. நம் ஊரில் இதை ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்கள், அதுவும் ஏதோ பெருமைபோல. ஆனால் அடுத்து வந்த பெண்ணின் கணவர் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. மூன்றாமவர் வீட்டில் அடியே கிடையாது. அரிசி டப்பாவுக்குப் பூட்டு. சாவி கணவரின் இடுப்பில்.

என் கேள்வி இதுதான்: இந்தக் கோட்பாடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா, அல்லது வேறு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகின்றனவா? ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நீங்கள் எதை வைத்துக்கொள்வீர்கள்?

ஓய்வுபெற்ற_பேராசிரியர் எழுதியது:

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வது தேர்வுத்தாள் கேள்வி. அதை விட்டுவிடுகிறேன். வாக்கரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவருடைய 1979ஆம் ஆண்டு நூல், பேச முன்வந்த ஏறத்தாழ 120 பெண்களின் பேட்டிகளிலிருந்து எழுந்தது. பிறகு அவரே பெரிய அளவில் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். அடிக்கு முன் பதற்றம் ஏறியதற்கான தடயம் 65 விழுக்காடு சம்பவங்களில் இருந்தது. அடித்தபின் வருந்தியதற்கான தடயம் 58 விழுக்காட்டில்தான் இருந்தது. உங்கள் பூ-அல்வா கணவர் அந்த 58இல் வருகிறார், மன்னிப்பே கேட்காதவர் மீதியில் வருகிறார். ஐந்தே ஆண்டில் ஆசிரியரே திருத்திய படத்தை நம் பாடநூல்கள் இன்னும் முழு வட்டமாக அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன. வட்டம் கரும்பலகையில் வரைய எளிது, அவ்வளவுதான்.

‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்றும் ஒன்றை வாக்கர் சேர்த்தார். அது மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் நாய்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய், பிறகு வழி இருந்தும் தப்பிக்காமல் படுத்துக் கிடந்தது. பல ஆண்டு அடிவாங்கிய மனைவியும் அப்படித்தான், ஆகவே அவள் விட்டு வெளியேறுவதில்லை என்றார் வாக்கர். வேடிக்கை என்னவென்றால், அந்த இருவருமே 2016இல் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது உயிரின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. ‘என்னால் இதை மாற்ற முடியும்’ என்பதைத்தான் கற்கிறோம் என்கிறார்கள் இப்போது.

செவிலி_இரவுப்பணி எழுதியது:

நாய்க்கு மாமியார் கிடையாது ஐயா. கூண்டைத் தாண்டி வந்தால் அதை யாரும் ‘வாழாவெட்டி’ என்று சொல்லப்போவதும் இல்லை.

ஓய்வுபெற்ற_பேராசிரியர் எழுதியது:

நியாயம். இதே எதிர்ப்பை 1988இல் எட்வர்ட் கோண்டால்ஃப், எலன் ஃபிஷர் இருவரும் புள்ளிவிவரத்தோடு வைத்தார்கள். டெக்சாஸ் மாநிலக் காப்பகங்களுக்கு வந்த 6,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அடி மோசமாக மோசமாக, அந்தப் பெண்கள் உதவி கேட்டுத் தட்டிய கதவுகளும் கூடிக்கொண்டே போயிருந்தன. உறவினர், காவல்துறை, மருத்துவர், பாதிரியார் என்று ஒருவரை விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் கதவுக்கு உள்ளே இருந்தவர்கள்.

பனிநாடன் எழுதியது:

பதினேழு ஆண்டுகளாக மினசோட்டாவில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு பெண்கள் அமைப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போவதுண்டு. பாடநூலில் ‘டுலூத் மாதிரி’ என்று படித்திருப்பீர்கள் மாலதி. அந்த ஊர் எங்கள் நகரத்திலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். சுப்பீரியர் ஏரிக்கரையில் இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் வரும் துறைமுகம். உலகமெங்கும் பயிற்சி வகுப்புகளில் தொங்கும் அந்தச் ‘சக்கரம்’ இப்படி ஓர் ஊரில் பிறந்திருக்கும் என்று, போய்ப் பார்க்கும்வரை நான் நினைக்கவில்லை.

1981இல் அங்கே காவல்துறை, அரசு வழக்கறிஞர்கள், நீதிமன்றம், காப்பகம் எல்லோரையும் ஒரே நடைமுறைக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு 1984 வாக்கில் எலன் பென்சும் அவரோடு வேலை செய்தவர்களும் அடிபட்ட பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, ‘அடிக்காத நேரத்தில் அவர் என்ன செய்வார்?’ என்பதையும் கேட்டார்கள். வந்த பதில்கள்தான் சக்கரத்தின் எட்டு ஆரங்கள்: மிரட்டிப் பணியவைப்பது, பயமுறுத்துவது, மனத்தைப் புண்படுத்துவது, தனிமைப்படுத்துவது, நடந்ததை மறுத்துப் பழியைத் திருப்புவது, பிள்ளைகளைப் பயன்படுத்துவது, ‘நான் ஆண்’ என்கிற சலுகை, பணத்தைப் பிடித்துவைப்பது. நடு அச்சில் அதிகாரமும் கட்டுப்பாடும். வெளிவட்டமாக, வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைபோல, அடியும் பாலியல் வன்முறையும். உங்கள் அரிசி டப்பா அந்த எட்டாவது ஆரம். பட்டை இன்னும் மாட்டப்படவில்லை, சக்கரம் உருள்கிறது.

இதைப் பலர் சொல்வதில்லை: 1999இல் பென்ஸ் தன் படத்தையே கேள்விக்கு உட்படுத்தி எழுதினார். ‘ஆண் அதிகாரத்துக்காக அடிக்கிறான்’ என்று முன்முடிவோடு போனோம், அடித்த ஆண்களுக்கான குழுவில் உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்லாதபோது ‘மறுக்கிறார்கள்’ என்று எழுதிக்கொண்டோம், தேடிப் போனதையே கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம் என்பது அவர் எழுதியதன் சாரம். பதினைந்து ஆண்டு உலகம் சுற்றிய தன் சக்கரத்தைப் பற்றி இப்படி எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்! பென்ஸ் மீது என் மதிப்பு அன்றுதான் இரட்டிப்பானது.

உப்பளத்தான் எழுதியது:

எல்லாம் சரி. எல்லாவற்றிலும் ‘அவன்’ அடிக்கிறான், ‘அவள்’ அடிபடுகிறாள் என்றே போகிறதே? முரே ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் கெல்லெஸ் குழுவின் 1975ஆம் ஆண்டு ஆய்வைப் பேராசிரியர் ஏன் விட்டுவிட்டார்? அமெரிக்கா முழுவதும் 2,143 குடும்பங்கள். அந்த ஓராண்டில் மனைவிமேல் கைநீட்டிய கணவர்கள் 12.1 விழுக்காடு, கணவன்மேல் கைநீட்டிய மனைவிகள் 11.6 விழுக்காடு. கிட்டத்தட்டச் சரிசமம். காப்பகத்துக்கு வந்த பெண்களை மட்டும் கேட்டுவிட்டு உலகத்துக்கே கோட்பாடு எழுதினால் எப்படி?

என் பெரியப்பா மகனை அவன் மனைவி வெந்நீர்க் குடுவையால் அடித்து நெற்றியில் நான்கு தையல். புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு உங்கள் சக்கரத்தில் எந்த ஆரம்?

செவிலி_இரவுப்பணி எழுதியது:

தம்பி, உங்கள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தது தவறு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கையில் வெந்நீர் கொட்டி வந்த ஓர் ஆண், ‘சமையலுக்கு உதவினேன்’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னதை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வு எதை எண்ணியது? தள்ளினாயா, அறைந்தாயா, எதையாவது எறிந்தாயா என்று செயல்களை எண்ணியது. யார் முதலில், எதற்காக, யாருக்கு எலும்பு முறிந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விபத்துப் பதிவேட்டில் ‘குளியலறையில் வழுக்கி விழுந்தேன்’ என்று எழுதச் சொல்பவர்களில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று இருபத்திரண்டு ஆண்டு இரவுப்பணி பார்த்தவளைக் கேளுங்கள். வழுக்கி விழுந்தால் கழுத்தில் விரல் தடம் பதியாது.

இன்னொன்று. மாலதியின் ஏழில் ‘குடி’யும் இருக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் ‘குடித்தால்தான் அக்கா இப்படி, மற்றபடி தங்கமானவர்’ என்பார்கள். நான் கேட்பேன்: டாஸ்மாக் வாசலில் நிற்கிற காவலரை அடித்தாரா? பஸ்ஸில் நடத்துநரை அடித்தாரா? வீடுவரை நடந்து வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தானே அடித்தார்? போதையிலும் ஆள் பார்த்து அடிக்கத் தெரிகிறது. அதற்காகக் குடிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடித்த கைக்கு எங்கே நிற்பது என்று தெரிவதில்லை. கன்னத்தோடு போயிருக்க வேண்டியது மண்டையில் வந்து முடிகிறது.

மட்டுறுத்துநர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ‘இந்தக் காலத்துப் பெண்கள்’ என்று தொடங்குகிற எதுவும் இங்கே நிற்காது. வாசிக்கிறவர்களில் யாருக்காவது இப்போதே உதவி தேவை என்றால், தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண் 181.

ஓய்வுபெற்ற_பேராசிரியர் எழுதியது:

உப்பளத்தான் கேட்டது சரியான கேள்வி, கேட்ட தொனி எப்படியிருந்தாலும். இருபது ஆண்டு இந்தத் துறை இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் பொய்யர் என்று ஏசிக்கொண்டிருந்தது இதனால்தான். வீடு வீடாகக் கேட்டவர்களுக்குச் சமன் தெரிந்தது. காப்பகத்தில் கேட்டவர்களுக்குக் கொடுங்கோன்மை தெரிந்தது. 1995இல் மைக்கேல் ஜான்சன் வந்து, இரு தரப்பும் பொய் சொல்லவில்லை, இரு தரப்பும் ஒரே பொருளைப் பார்க்கவில்லை என்றார்.

அவர் பிரித்தது இப்படி. ஒன்று, ஒருவர் மற்றவரின் வாழ்க்கை முழுவதையும் பிடிக்குள் வைத்துக்கொள்ள வன்முறையைக் கருவியாக்குவது. இதைப் பிற்பாடு ‘நெருக்கப் பயங்கரவாதம்’ என்று அழைத்தார். இரண்டு, சண்டை முற்றிக் கைகலப்பாவது. இதில் பிடிக்குள் வைக்கும் திட்டம் எதுவும் இல்லை, இருபாலரும் ஏறத்தாழச் சமமாகச் செய்கிறார்கள். மூன்று, முதல் வகையில் சிக்கியவர் திருப்பி அடிப்பது.

1970களில் ஐரீன் ஃப்ரீஸ் பிட்ஸ்பர்க் பகுதியில் எடுத்த பேட்டிகளைக் கொண்டு ஜான்சன் இதைப் பிறகு சோதித்தார். பொதுமக்களிடையே எடுத்த மாதிரியில், கணவர்கள் செய்த வன்முறையில் முதல் வகை 11 விழுக்காடு. நீதிமன்றம் வழியாக வந்தவர்களிடம் அதுவே 68. காப்பகத்துக்கு வந்தவர்களிடம் 79. ஒரே ஊர், ஒரே ஆய்வாளர், ஒரே கேள்விகள். எந்த வாசலில் நின்று கேட்டார்கள் என்பது மட்டும் மாறியது.

தொலைபேசியை எடுக்கவே மனைவியை அனுமதிக்காதவன் வீட்டில் ஆய்வாளரின் கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

உப்பளத்தான் எழுதியது:

அப்படியானால் என் அண்ணன் வீடு இரண்டாவது வகை, சாதாரணக் கைகலப்பு, பெரிதுபடுத்தாதே என்கிறீர்கள். அதுதானே?

செவிலி_இரவுப்பணி எழுதியது:

நான் அப்படி முடிவு கட்டவில்லை. அவரிடம் ஒன்றைக் கேளுங்கள். எத்தனை முறை அடித்தாள் என்று கேட்க வேண்டாம். வீட்டுக்குள் போகும்போது வயிற்றைப் பிசைகிறதா என்று கேளுங்கள்.

உப்பளத்தான் எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று அவனை வெளியே தேநீர் குடிக்க அழைத்துப் போய்க் கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு சொன்னான். சம்பளம் அப்படியே அவள் கணக்குக்குப் போய்விடுகிறது. கைபேசியைத் தினமும் இரவு அவள் பார்ப்பாள். பெரியம்மாவைப் பார்க்க, அலுவலகத்தில் கூடுதல் வேலை என்று பொய் சொல்லிவிட்டு வருகிறான். பெரியம்மாவுக்குக்கூட இது தெரியாது. நான்கு தையலை மட்டுமே நான் இதுவரை கணக்கில் வைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற_பேராசிரியர் எழுதியது:

இது முதல் வகை. ஜான்சன் இதைப் பெரும்பாலும் ஆண்கள் செய்வதாகச் சொல்கிறார், ஆண்கள் மட்டுமே என்று சொல்லவில்லை. சக்கரத்தில் ‘நான் ஆண்’ என்கிற ஓர் ஆரத்தைக் கழற்றிவிட்டால் மற்ற ஏழும் உங்கள் அண்ணன் வீட்டில் சுழல்கின்றனவா என்று பாருங்கள்.

கறுப்பு_அங்கி எழுதியது:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். நீதிமன்ற விடுமுறை முடிந்த வாரம்.

உப்பளத்தான், உங்கள் அண்ணனுக்கு 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பயன்படாது. அதில் மனுதாரர் பெண்ணாகவே இருக்க வேண்டும். காயத்துக்குக் குற்றவியல் புகார் கொடுக்கலாம், இந்து திருமணச் சட்டப்படி கொடுமையைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம். இங்கிலாந்தில் 2015இல், ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கிவைப்பதையே ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். அங்கே ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஈவன் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூல் அதற்கு முக்கியமான தூண்டுதல். தனித்தனி அடிகளை எண்ணாதீர்கள், சுதந்திரம் எவ்வளவு பறிபோனது என்று பாருங்கள் என்றார் அவர்.

அதற்காக நம் சட்டத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். உரிமையியல் தீர்வுதான் என்றாலும், பொருளாதாரக் கொடுமையைப் பிரிவு 3இலேயே பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறது, இங்கிலாந்துக்குப் பத்தாண்டு முன்பே. மாலதி, உங்கள் அரிசி டப்பாவுக்கு அந்தப் பிரிவு பொருந்தும். பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போங்கள். மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்துச் சிரிக்காத வழக்கறிஞரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஏழில் ஒன்று எனக்கு வேண்டும் என்றால், சொத்தும் வருமானமும் யார் கையில் என்று பார்க்கிற ‘வளங்கள்’ கோட்பாட்டை எடுத்துக்கொள்வேன். பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 502 பெண்களிடம் எடுத்த ஆய்வு 2005இல் வந்தது. நிலமும் வீடும் தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவரிடம் அடிபட்டிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18. வீடு மட்டும் இருந்தவர்களில் 10. இரண்டும் இருந்தவர்களில் 7. நீண்ட காலம் அடிபட்டவர்களில் சொத்துள்ளவர்கள் 71 விழுக்காட்டினர் வெளியேறினார்கள், சொத்தில்லாதவர்கள் 19 விழுக்காட்டினரே. ‘ஏன் விட்டு வரவில்லை?’ என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் ‘பட்டா யார் பெயரில்?’ என்று திருப்பிக் கேட்கிறேன்.

களப்பணி_மாலதி எழுதியது:

அக்கா, அப்படியானால் வேலைக்குப் போனால் பாதுகாப்பா? எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் இருவருக்கு, தையல் நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான் அடி தொடங்கியது.

கறுப்பு_அங்கி எழுதியது:

வேலையும் வீடும் ஒன்றல்ல. பெங்களூரின் ஏழ்மையான பகுதிகளில் சுனீதா கிருஷ்ணன் குழு இளம் மனைவிகளைத் தொடர்ந்து கவனித்து 2010இல் எழுதியது. வேலையில்லாமல் இருந்து புதிதாக வேலைக்குப் போன பெண்களுக்கு வன்முறை நிகழும் வாய்ப்பு 80 விழுக்காடு கூடியிருந்தது. கணவர் வேலையை இழந்து திணறிய வீடுகளிலும் கூடியது. சம்பளத்தை அவன் பிடுங்கலாம், ‘யாரோடு பேசினாய்?’ என்று தினமும் கேட்கலாம். வீட்டைப் பிடுங்கிவிட முடியாது. இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை, ‘வளம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் திணித்த பாடநூல்தான் குழப்புகிறது.

பனிநாடன் எழுதியது:

வேலை என்றதும் மின்னியாபொலிஸ் நினைவுக்கு வருகிறது. 1981-82இல் இங்கே லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். வீட்டுச் சண்டைக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதைக் காவலர் முடிவு செய்யக் கூடாது. அவர் கையில் உள்ள படிவக் கட்டில் அடுத்த தாள் என்ன நிறமோ அதன்படி: கைது, அல்லது அறிவுரை, அல்லது கணவரைச் சில மணி நேரம் வெளியே அனுப்புவது. மொத்தம் 314 வழக்குகள். ஆறு மாதத்தில் காவல்துறைப் பதிவுப்படி மீண்டும் அடித்தவர்கள்: கைதானவர்களில் 10 விழுக்காடு, அறிவுரை பெற்றவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24. நாடு முழுவதும் ‘கைது செய்’ என்று விதிகள் மாறின.

பிறகு வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது காட்சி மாறியது. மில்வாக்கியில், வேலையில் இருந்த ஆணைக் கைது அடக்கியது. வேலையில்லாதவனைக் கைது இன்னும் மூர்க்கனாக்கியது. இழக்க எதுவும் இல்லாதவனுக்குச் சிறை வாசல் அச்சமில்லை. 2015இல் ஷெர்மனே இன்னொரு முடிவை வெளியிட்டார். கணவரோ துணைவரோ கைதான பெண்கள், எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் மனைவியரைவிட, பின்வந்த ஆண்டுகளில் 64 விழுக்காடு கூடுதலாக இறந்திருந்தார்கள். கொலையால் அல்ல, பெரும்பாலும் நோயால். அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கைது வேண்டாம் என்று இதை வைத்து வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கைது செய்துவிட்டு அந்தப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

களப்பணி_மாலதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் திட்டத்தை மாற்றிவிட்டேன். ஏழு கோட்பாட்டுக்கும் நிறை, குறை சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குக் கீழும் ‘யாரிடம் கேட்டார்கள்?’ என்று ஒரே ஒரு வரி. பிட்ஸ்பர்க்கின் மூன்று எண்களை நடுவில் பெரிதாக எழுதுகிறேன்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன். ‘பாடத்திட்டத்தில் ஜான்சன் இல்லையே, வாக்கர் வட்டத்தை வரைந்துவிடுங்கள், அதுதான் தேர்வில் வரும்’ என்றார். வரைகிறேன். ஆனால் தேனிலவுப் பகுதியைப் புள்ளிக்கோடாக வரைந்து, பக்கத்தில் 58 என்று எழுதப்போகிறேன். என்ன என்று யாராவது கேட்டால்தான் சொல்வேன்.

மூன்று பெண்களில் அரிசி டப்பாக்காரரோடு நாளை பாதுகாப்பு அலுவலரிடம் போகிறோம். அவருக்கு இந்தச் சக்கரத்தைக் காட்டினேன். விரலை ஒவ்வோர் ஆரத்தின் மீதும் வைத்து, ‘இது இருக்கிறது, இது இருக்கிறது, இது இல்லை’ என்று எண்ணினார். ஆறு.

செவிலி_இரவுப்பணி எழுதியது:

அந்தச் சக்கரத்தைத் தமிழில் வரைந்தால் எனக்கொரு படி அனுப்புங்கள் மாலதி. எங்கள் சிகிச்சைப் பிரிவில் ஒட்ட வேண்டும்.

கறுப்பு_அங்கி எழுதியது:

வெளியே சுவரில் ஒட்டாதீர்கள். கூட வந்த கணவர் அதைப் படித்துவிட்டு, ‘இதைப் பார்த்தாயா?’ என்று வீட்டுக்குப் போய்க் கேட்பார்.

செவிலி_இரவுப்பணி எழுதியது:

தெரியும். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம், தாழ்ப்பாளுக்கு நேர் மேலே. 181ஐயும் அங்கேதான் எழுதியிருக்கிறேன். மாதம் ஒருமுறை யாரோ கிழித்துவிடுகிறார்கள், நான் மீண்டும் ஒட்டுகிறேன். பசை இருக்கிறது, தாள் மட்டும் அனுப்புங்கள்.